பொதுக் கருவிகளைத் தணிக்கை செய்ய நான்கு வழிகள்: டர்பன் பட்டறைக்கு எது பொருந்தும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் ஜேக்கப்ஸில் இரும்பு வேலைப் பட்டறை வைத்திருப்பவர், ஃபீனிக்ஸில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர், டொங்காட்டில் தையல் கூடம் நடத்துபவர் என்று தொழில் வேறானாலும் இவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். பலர் கைக்கும் போய்வரும் சாமான்களை எத்தனை நாளைக்கு ஒருமுறை சரிபார்ப்பது, யாரைக் கொண்டு சரிபார்ப்பது? கணக்காளர் ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறார். பாதுகாப்பு ஆலோசகர் மாதந்தோறும் வேண்டும் என்கிறார். மென்பொருள் விற்பவர் கைப்பேசியிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்கிறார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் எந்தப் பக்கமும் சாய முடியாமல் நிற்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரிலிருந்து ஐம்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு, மாதம் ஒரு பகுதியாகச் சுற்றிவரும் தணிக்கையே ஏற்றது. ஆனால் அதுவும் சில இடங்களில் பயன்படாது. உங்கள் இடம் அந்தச் சிலவற்றில் ஒன்றா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

தணிக்கை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுகிறது. சாமான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. அதைக் கையில் எடுப்பவருக்கு ஆபத்து விளைவிக்காத நிலையில் இருக்கிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்வியின் விடை காப்பீட்டுக்கும் வரிக்கும் உதவும். இரண்டாவது விடை விரல்களையும் கண்களையும் காப்பாற்றும். பதிவேட்டில் உள்ளபடி ஆங்கிள் கிரைண்டர் அலமாரியில் இருக்கும். அதன் சக்கரத்தை மூடும் காப்புத் தகட்டை யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் கொக்கியில் தொங்கும்; பிளக் அருகே உறை கிழிந்து, மேலே டேப் சுற்றியிருக்கும். ஏணி சுவரில் சாய்ந்திருக்கும். கீழிருந்து மூன்றாவது படியில் விரிசல் ஓடியிருக்கும். எண்ணிப் பார்ப்பவர் இந்த மூன்றுக்கும் சரி என்று குறித்துவிட்டுப் போவார். ஆகவே எந்த முறையைப் பற்றி யார் வந்து பேசினாலும், அது இந்த இரண்டு கேள்விகளில் எதற்கு விடை தரும் என்று முதலில் கேளுங்கள். மற்ற அளவுகோல்களைவிட இதற்கே நான் அதிக எடை தருகிறேன்.

இரண்டாவது அளவுகோல், கோளாறு எவ்வளவு விரைவில் தெரியவரும் என்பது. டர்பனில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. மெரபேங்க், ஜேக்கப்ஸ், மொபெனி, புரோஸ்பெக்டன் எல்லாம் கடல் காற்று படும் இடங்கள். ஈரமும் உப்பும் கம்பிக் கயிற்றையும் கொக்கியையும் சங்கிலியையும் அரிக்கும் வேகம் ஜோஹானஸ்பர்க்கின் வறண்ட காற்றில் இருப்பதைவிட அதிகம். அங்கே ஓராண்டு தாங்கும் நிலை இங்கே சில மாதங்களில் கெட்டுப்போகலாம்.

மூன்றாவது, வேலை நேரத்தில் எவ்வளவு தின்னும் என்பது. நான்காவது, தொழிலாளர் துறை ஆய்வாளர் முன்னும், காப்பீட்டு நிறுவனத்தின் முன்னும், வருவாய்த் துறையின் முன்னும் அந்தப் பதிவு நிற்குமா என்பது. ஐந்தாவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை: தொழிலாளர்கள் உண்மையைச் சொல்வார்களா? உடைந்த கருவியை முதலில் அறிந்திருப்பவர் அதைப் பயன்படுத்துபவர்தான். அவர் வாயைத் திறக்கத் துணியாத முறை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் குருட்டு முறையே.

## எந்த முறையாலும் தள்ளிப்போட முடியாத கெடுக்கள்

ஒப்பீட்டுக்கு முன், எல்லோருக்கும் பொதுவான ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு. 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் சில சாமான்களுக்குக் கெடு விதித்திருக்கின்றன. கிரேன், ஹாயிஸ்ட் போன்ற தூக்கும் இயந்திரங்களுக்கு 12 மாதத்துக்குள் பரிசோதனையும் பளு ஏற்றிப் பார்க்கும் சோதனையும் வேண்டும். அவற்றோடு பயன்படும் ஸ்லிங் (பளுவைக் கட்டித் தூக்கும் வார்), சங்கிலி, கொக்கி ஆகியவற்றைத் தகுதியுள்ளவர் 3 மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கம்ப்ரஸரின் காற்றுத் தொட்டி போன்ற அழுத்தக் கலன்களுக்கு 36 மாதத்துக்குள் உள்ளும் புறமும் ஆய்வும் நீரழுத்தச் சோதனையும் நடக்க வேண்டும். தீயணைப்பான்களுக்கு ஆண்டுதோறும் சான்று பெற்றவர் சர்வீஸ் செய்து சீட்டு ஒட்ட வேண்டும். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் முதலுதவிப் பெட்டி கட்டாயம். பத்துப் பேரைத் தாண்டினால் முதலுதவியில் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும்.

இருபது பேருக்கு மேல் வேலை செய்தால் பாதுகாப்புப் பிரதிநிதியை எழுத்துமூலம் நியமிக்க வேண்டும். கடைகளிலும் அலுவலகங்களிலும் நூறு பேருக்கு ஒருவர், பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஐம்பது பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. இயந்திரங்களையும் கருவிகளையும் பார்வையிடும் உரிமையைச் சட்டமே இந்தப் பிரதிநிதிக்குத் தருகிறது. கீழே சொல்லும் நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவரை விட்டுவிட்டுத் திட்டம் போடாதீர்கள். அவர் செய்ய வேண்டிய பார்வையிடலையும் உங்கள் தணிக்கையையும் ஒன்றாக இணைத்தால் ஒரே உழைப்பில் இரண்டும் முடியும்.

## முதல் வழி: ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கணக்கெடுப்பு

ஒரே நாளில் கதவை மூடிவிட்டு எல்லாவற்றையும் எண்ணுவது இது. கட்டுமானத் துறை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை விடுமுறையில் இருப்பதால், அதைச் சார்ந்த பட்டறைகள் மூடுவதற்கு முந்தைய நாளில் இதைச் செய்வது வழக்கம். கருவிகளும் அன்று வெளித்தளங்களிலிருந்து திரும்பியிருக்கும்.

இதன் பலம் காப்பீட்டில்தான் தெரியும். 2021 ஜூலை கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் பார்த்த ஊர் நம்முடையது. இழப்பீடு கேட்கப் போனவர்களிடம் முதலில் கேட்கப்படுவது என்னென்ன இருந்தன என்ற பட்டியல்தான். குறைத்துக் காப்பீடு செய்திருந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். 4,00,000 ரேண்ட் மதிப்புள்ள சாமான்களை 3,00,000 ரேண்டுக்கு மட்டும் காப்பீடு செய்திருந்து, 80,000 ரேண்ட் இழப்பு வந்தால் கையில் கிடைப்பது 60,000 ரேண்ட். ஆண்டுக்கொரு முழுப் பட்டியல் இந்த இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும். எதிர்த்திசையில், எப்போதோ காணாமல் போன ஜெனரேட்டருக்கு இன்னும் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பதையும் காட்டும். பட்டியலின் ஒரு பிரதி பட்டறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெள்ளத்தில் இயந்திரத்தோடு பதிவேடும் போய்விட்டால் அதை எழுதிய பயன் என்ன?

வரிக் கணக்கிலும் உதவி உண்டு. 7,000 ரேண்டுக்குக் குறைவான விலையுள்ள கருவியை வாங்கிய ஆண்டிலேயே முழுச் செலவாகக் கழித்துக்கொள்ள வருவாய்த் துறை அனுமதிக்கிறது. அதற்கு மேற்பட்டவற்றைப் பல ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்க வேண்டும். எது இன்னும் இருக்கிறது, எது கழிவாகிவிட்டது என்பது தெரியாமல் அந்தத் தேய்மானக் கணக்கைச் சரியாக எழுத முடியாது.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். பன்னிரண்டு பேர் நான்கு மணி நேரம் நின்றால் 48 மணி நேர உழைப்பு. 2025 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 28.79 ரேண்டில் போட்டாலே சுமார் 1,380 ரேண்ட். திறமையான வெல்டரின் கூலி அதைவிடப் பல மடங்கு. நின்றுபோன வேலையின் மதிப்பு இதற்கும் மேலே. ஆனாலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது பணமல்ல. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சாமான்களை எண்ணுபவர் எதையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதில்லை. இந்த முறை "இருக்கிறதா" என்பதற்கு நல்ல விடையும், "பாதுகாப்பாக இருக்கிறதா" என்பதற்கு ஏறக்குறைய விடையே இல்லாத நிலையும் தருகிறது. ஜனவரியில் கழன்ற காப்புத் தகடு அடுத்த டிசம்பர் வரை அப்படியே கிடக்கும்.

இதுவே பொருந்தும் இடங்கள் உண்டு. மேசை, நாற்காலி, அச்சு இயந்திரம், புரொஜெக்டர் என்று நகராத சாமான்கள் உள்ள அலுவலகம் ஒன்று. பதிவேடே இல்லாமல் இதுவரை ஓடிய பட்டறை மற்றொன்று. அங்கே வேறெந்த முறையையும் தொடங்க ஒரு முழுக் கணக்கு வேண்டும். தொழிலை விற்கும்போதும், தந்தை மகனிடம் ஒப்படைக்கும்போதும் இதற்கு மாற்றே இல்லை.

## இரண்டாவது வழி: மாதந்தோறும் சுற்றிவரும் தணிக்கை

சாமான்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் அதற்குரிய இடைவெளியில் பார்ப்பது இது. விலையை வைத்துப் பிரிப்பது பலர் செய்யும் தவறு. ஆபத்தையும் கை மாறும் வேகத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சில நூறு ரேண்ட் விலையுள்ள எக்ஸ்டென்ஷன் கேபிள் முதல் வகைக்கு வரும். அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள, அசையாமல் நிற்கும் இரும்பு அலமாரி கடைசி வகைக்குப் போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. பட்டறையில் 120 பொதுச் சாமான்கள் என்று வையுங்கள். கிரைண்டர், டிரில், ஏணி, கேபிள், தூக்குச் சங்கிலி என்று இருபது, மாதந்தோறும். வெல்டிங் இயந்திரம், கம்ப்ரஸர் குழாய், தள்ளுவண்டி என்று நாற்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மீதி அறுபது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாதத்துக்கு இருபதும் பதின்மூன்றும் பத்துமாக 43 சாமான்கள் வரும். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் முடித்துவிடலாம், வேலையும் நிற்காது. மூன்று நிமிடம் என்பது கருவியைக் கையில் எடுத்து, வயரை விரலால் தடவி, பிளக்கின் திருகைப் பார்த்து, சுவிட்சைப் போட்டு நிறுத்திப் பார்க்கப் போதுமான நேரம். வெளியாரைக் கூப்பிடாமலே இரண்டு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தருவது நான்கு வழிகளில் இது ஒன்றே.

கட்டுமானத் தளங்களில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு நிறம். சரிபார்த்த கருவியில் அந்த நிற டேப்பை ஒட்டுவார்கள். இந்தக் காலாண்டின் நிறம் இல்லாத கருவியை யாரும் எடுக்கக் கூடாது. தமிழும் ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து பேசும் நம் பட்டறைகளில் இதற்கு இன்னொரு நன்மை உண்டு: படிவத்தைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை, தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். எங்கும் கிடைக்கும் மின்சார டேப் போதும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் வேறொரு பழக்கத்தை நான் பார்த்ததில்லை.

பார்ப்பவர் யார் என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. வெல்டிங் பிரிவின் சாமானை வெட்டும் பிரிவைச் சேர்ந்தவர் பார்க்கட்டும், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளட்டும். தன் கையிலிருப்பதைத் தானே சரிபார்ப்பவருக்குப் பழகிய குறை கண்ணில் படாது. கிழிந்த உறையை நாள்தோறும் பார்த்துப் பார்த்து அது இயல்பாகிவிட்டிருக்கும்.

இதற்கும் மறைவான செலவுகள் உண்டு. முதலாவது, தேய்ந்து போவது. அவசர ஆர்டர் வரும் மாதத்தில் தணிக்கை தள்ளிப்போகும். இரண்டு மாதம் தொடர்ந்து தள்ளிப்போனால் மூன்றாவது மாதம் யாரும் கேட்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும், தைப்பூசக் காவடி வரும் மாதத்தையும், ஈஸ்டரையும் முன்கூட்டியே நாட்காட்டியில் பார்த்து, அந்த மாதங்களுக்குக் குறைவான சாமான்களை ஒதுக்குங்கள். இரண்டாவது, பிரிவு விட்டுப் பிரிவு நகரும் கருவி இருமுறை எண்ணப்படும் அல்லது இரண்டிலும் விடுபடும். எண்ணும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு எதையும் இடம் மாற்றக் கூடாது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லாமல் இந்த முறையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. குறை கண்டபின் என்ன நடக்கிறது? கிழிந்த கேபிளைக் குறித்துக்கொண்டு அதே கொக்கியில் திரும்ப மாட்டினால் தணிக்கை செய்யாததைவிட மோசம். ஆபத்து தெரிந்திருந்தும் விட்டுவைத்ததற்கு உங்கள் கையெழுத்தே சாட்சியாகிவிடும். விபத்தில் அடிபட்டவர் 14 நாளோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும். விசாரணைக்கு வருபவர் கேட்கும் தாள்களில் இந்தப் படிவமும் ஒன்று. ஆகவே பூட்டுப் போட்ட பழுதுப் பெட்டி ஒன்று வேண்டும். தணிக்கை செய்பவருக்கு முதலாளியைக் கேட்காமல் செலவு செய்யும் அதிகாரமும் கொஞ்சம் வேண்டும். 500 ரேண்ட் வரை என்று வைத்தாலே புதிய பிளக், வயர், கைப்பிடி எல்லாம் அன்றைக்கே மாறிவிடும். இந்த இரண்டையும் தர மனமில்லாதவர் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

பொருந்தாத இடமும் இருக்கிறது. மூன்று நான்கு குழுக்களாக வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க், அம்லங்கா என்று ஆளுக்கொரு தளத்தில் வேலை செய்யும் மின்பணியாளர்களிடம் இது செல்லாது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கருவிகள் எல்லாம் வேனில் இருக்கும்.

## மூன்றாவது வழி: கொடுத்து வாங்கும் பதிவேடு

அப்படிப்பட்டவர்களுக்குரியது இது. ஸ்டோர் பொறுப்பாளர் ஒருவர் காலையில் கொடுப்பார், மாலையில் திரும்ப வாங்குவார். இரண்டு முறையும் கையெழுத்து. எது யாரிடம் இருக்கிறது என்பது எந்த நேரத்திலும் தெரியும். தொலைந்தது அன்று மாலையே தெரிந்துவிடும். வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது.

திரும்ப வாங்கும்போது பொறுப்பாளர் கருவியைப் பார்த்து வாங்கினால் மட்டுமே நிலையும் தெரியும். மாலை நான்கரை மணிக்கு வேன்கள் ஒன்றாக வந்து நிற்கும்போது யாரும் பார்த்து வாங்குவதில்லை. காலையிலும் அதே நெருக்கடிதான். பதினைந்து பேர் ஒருவர்பின் ஒருவராக நின்று, ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆனால் கடைசி ஆள் அரைமணி நேரம் கழித்தே கிளம்புவார். இந்தக் காத்திருப்பு யாருடைய கணக்கிலும் எழுதப்படாத கூலி. அதைத் தவிர்க்கத் தொழிலாளர்கள் நல்ல டிரில்லைத் திருப்பிக் கொடுக்காமல் தங்கள் பெட்டியிலேயே வைத்துக்கொள்வார்கள். சில மாதங்களில் பொதுக் கருவி சொந்தக் கருவிபோல் ஆகிவிடும். பொறுப்பாளர் விடுப்பில் போகும் நாளில் திறந்த கதவுதான் ஸ்டோர்.

தொலைவதைவிடப் பெரிய பலவீனம் ஒன்று இருக்கிறது. கொடுப்பவரும் எழுதுபவரும் எண்ணுபவரும் ஒருவரே. அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும், அவருடைய ஸ்டோரை வேறொருவர் அவ்வப்போது எண்ணாவிட்டால் அவர்மீது விழும் சந்தேகத்தை அவராலேயே துடைக்க முடியாது. அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கைரேகை வைத்துக் கொடுக்கும் கருவிகளும், வேனிலும் கருவியிலும் பொருத்தும் ஜிபிஎஸ்ஸும் இப்போது கிடைக்கின்றன. 2021 ஜூலை முதல் முழுமையாக அமலாகும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் கைரேகை சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். எதற்காக எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்பதற்கு விடை வைத்துக்கொள்ளாமல் அதில் இறங்காதீர்கள். கையெழுத்துப் போதுமான இடத்தில் கைரேகை எதற்கு?

## நான்காவது வழி: வெளியாரைக் கொண்டு தணிக்கை

முன்னே சொன்ன சட்டக் கெடுக்களில் தூக்கும் இயந்திரம், அழுத்தக் கலன், தீயணைப்பான் ஆகியவற்றுக்கு வெளியே இருக்கும் தகுதியாளர் எப்படியும் வந்தாக வேண்டும். அவரையே மற்றவற்றையும் பார்க்கச் சொல்லலாமா என்பதே கேள்வி.

அறிக்கைக்கு மதிப்பு அதிகம், கண்ணும் புதியது. ஆனால் விலைப்புள்ளியில் பழுதுபார்ப்பும் மறுமுறை வருகையும் பெரும்பாலும் சேராது. சோதிப்பவரே புதிய கருவியும் விற்பவரானால், தேறாதது என்று அவர் ஒதுக்குவதை ஒருமுறை சந்தேகித்துப் பாருங்கள். அவர் வரும் நாளும் எல்லோருக்கும் முன்பே தெரியும். கிழிந்த கேபிள் அன்று யாருடைய காரிலாவது இருக்கும்.

இருந்தாலும் ஒரு சூழலில் இதையே முதலில் பரிந்துரைப்பேன்: குடும்பத் தொழில். நம்மவர் பட்டறைகளில் ஸ்டோர் சாவி மாமாவிடமோ மச்சானிடமோ இருக்கும். "மாமா, கணக்கைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று மருமகன் கேட்பதற்குள் வீட்டில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆண்டுக்கொருமுறை வெளியார் வந்து எல்லாருடையதையும் ஒரே அளவுகோலில் பார்த்தால் யாரும் யாரையும் குறிவைத்ததாகாது. பங்குதாரர்கள் பிரியும்போதும், விபத்து நடந்த பிறகும் வெளியார் அறிக்கைதான் நிற்கும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | ஆண்டு முழுக் கணக்கு | மாதச் சுற்று | கொடுத்து வாங்கும் பதிவேடு | வெளியார் |
|---|---|---|---|---|
| இருக்கிறதா | நன்கு தெரியும், அந்த ஒரு நாளுக்கு | தெரியும் | எந்நேரமும் தெரியும் | தெரியும் |
| பாதுகாப்பாக இருக்கிறதா | பெரும்பாலும் தெரியாது | நன்கு தெரியும் | பார்த்து வாங்கினால் மட்டும் | நன்கு தெரியும் |
| கோளாறு வெளிப்படும் வேகம் | ஓராண்டு வரை ஆகலாம் | ஆபத்தானவை ஒரு மாதத்துக்குள் | இழப்பு அன்றே, பழுது தாமதமாக | வருகைக்கு வருகை |
| மறைந்த செலவு | வேலை நின்றுபோவது | நாளடைவில் கைவிடப்படுவது | காத்திருப்பு, பொறுப்பாளர் சம்பளம் | பழுதுபார்ப்பு, மறுவருகை |
| காப்பீடு, வரி | வலுவானது | உதவும் | பலவீனம் | மிக வலுவானது |
| ஏற்ற இடம் | அலுவலகம், கைமாறும் தொழில் | பட்டறை, சமையலறை, தையல் கூடம் | தளம் தளமாகப் போகும் குழுக்கள் | குடும்பத் தொழில், தகராறு |

பார்கோடும் செயலியும் இந்த அட்டவணையில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அவை எழுதும் கருவி மட்டுமே; மேலுள்ள எந்த வழியோடும் சேரும். முந்நூறு சாமானைத் தாண்டும்போது எக்செல் தாளில் தேடுவது சிரமம். அப்போது மாதச் சந்தாவுக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. கிரைண்டரிலும் ஏணியிலும் ஒட்டும் காகித ஸ்டிக்கர் எண்ணெயிலும் வியர்வையிலும் சீக்கிரம் உரிந்துவிடும். உலோகத்தில் எண்ணைப் பொறித்துவிடுவது நல்லது.

## கூலியில் பிடிப்பது

எந்த வழியில் போனாலும், காணாமல் போன சாமானின் விலையைத் தொழிலாளியின் கூலியில் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் பல முதலாளிகளுக்கு இருக்கிறது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. இழப்பு அவர் வேலை செய்யும்போது அவருடைய தவறால் நேர்ந்திருக்க வேண்டும். நியாயமான விசாரணை நடந்து, தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும். அவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உண்மையான இழப்பைவிட ஒரு ரேண்ட் கூடப் பிடிக்கக் கூடாது. பணமாகத் தரும் ஊதியத்தில் கால்பங்கை மொத்தப் பிடித்தம் தாண்டக் கூடாது. பாதுகாப்புக்காக முதலாளி கொடுத்தே ஆக வேண்டிய சாமானுக்கு, அதாவது கண்ணாடி, கையுறை, காப்புத் தகடு போன்றவற்றுக்கு, கூலியில் பிடிப்பதைத் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அடியோடு தடுக்கிறது.

பலர் தொடும் கருவியில் தவறு யாருடையது என்று நிறுவுவது அரிது. ஆறு பேர் பயன்படுத்திய ஏணியின் விரிசலுக்கு அன்று அதில் ஏறியவரைப் பொறுப்பாக்கினால், அடுத்த விரிசலை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆபத்தான நிலையைக் கண்டால் தெரிவிப்பது தொழிலாளியின் சட்டக் கடமை. தெரிவித்ததற்காக அவரைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. இந்த இரண்டு வரிகளையும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டுங்கள். உடைந்ததைத் தானாகக் கொண்டுவந்து காட்டுபவரிடம் காசு கேட்பதில்லை என்று முதலாளியே எல்லார் முன்னும் சொல்லட்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பழுதுப் பெட்டி வேகமாக நிறையும். முதல் சில மாதங்களில் செலவு கூடுவதுபோலத் தோன்றும். இவ்வளவு நாள் ஒளித்து வைத்திருந்த பழுதெல்லாம் இப்போது வெளியே வருகிறது என்று புரிந்துகொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

ஜேக்கப்ஸ் இரும்புப் பட்டறைக்கு: டிசம்பர் விடுமுறைக்கு முன் ஒரு முழுக் கணக்கு, ஜனவரி முதல் மாதச் சுற்று. தூக்குச் சங்கிலிகளின் மூன்று மாதக் கெடுவையே நிறம் மாறும் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

ஃபீனிக்ஸ் சமையல் ஒப்பந்தக்காரருக்கு: ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொடுத்து வாங்கும் பதிவேடு, கூடவே எரிவாயு அடுப்பு, குழாய், ரெகுலேட்டர் ஆகியவற்றுக்கு மட்டும் மாதச் சுற்று. அண்டா தொலைந்தால் பணம்தான் போகும். எரிவாயுக் குழாயின் வெடிப்பைப் பார்க்கத் தவறினால் போவது வேறு. கோயில்களின் அன்னதானச் சமையலறைக்கும் இதுவே பொருந்தும். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் பெரிய வெள்ளித் திருவிழாபோலக் கூட்டம் பெருகும் நாட்களில் தொண்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கையெழுத்து வாங்க யாருக்கும் நேரம் இருக்காது. அங்கே விழாவுக்கு முந்தைய மாலையில் அடுப்புகளைப் பார்ப்பதும், மறுநாள் காலையில் பாத்திரங்களை எண்ணுவதும் போதும். இரவல் போன நாற்காலிகளையும் பந்தல் துணிகளையும் அந்தக் காலையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் போனால் எது யாருடையது என்பதில் குழப்பம் வந்துவிடும்.

டொங்காட் தையல் கூடத்தில் இயந்திரங்கள் நகர்வதில்லை, கத்தரிக்கோல்களும் அயர்ன் பெட்டிகளும் நகர்கின்றன. இயந்திரங்களுக்குக் காலாண்டுச் சோதனை, அயர்ன் பெட்டியின் வயருக்கு மாதச் சோதனை. கத்தரிக்கோலைப் பொதுவில் வைக்காமல் ஆளுக்கொன்று பெயர் பொறித்துக் கொடுத்துவிட்டால் அது தணிக்கைப் பட்டியலிலிருந்தே வெளியேறிவிடும். பட்டியலைச் சுருக்குவதும் ஒரு வழி என்பதைப் பலர் நினைப்பதில்லை.

எல்லாருடைய பட்டியலிலும் இப்போது சேர வேண்டிய ஒன்று ஜெனரேட்டர். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாங்கியவை, 2024 மார்ச்சுக்குப் பிறகு மின்வெட்டு வெகுவாகக் குறைந்ததும் மூலையில் நிற்கின்றன. தொட்டியில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும். மாதம் ஒருமுறை மின்சாதனங்களை இணைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். கதவு மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஏணிகளையும் எக்ஸ்டென்ஷன் கேபிள்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு மாதச் சுற்றைத் தொடங்குங்கள். ஒரு குயர் நோட்டு, ஒரு நிற டேப், ஒரு பழுதுப் பெட்டி போதும். நோட்டில் ஐந்து கட்டங்கள்: பொறித்த எண், பார்த்த தேதி, நிலை, என்ன செய்யப்பட்டது, பார்த்தவர் கையெழுத்து. நான்காவது கட்டம் மூன்று மாதம் தொடர்ந்து நிரம்பிவந்தால் கிரைண்டர்களையும் டிரில்களையும் சேருங்கள். அது காலியாகவே கிடந்தால் வேறு முறைக்குத் தாவ வேண்டாம். முதலில் தணிக்கை செய்பவரின் செலவு வரம்பை உயர்த்திக் கொடுங்கள்.